மலைக்குக் கீழே இருப்பவர்களை எழுத வந்தவர்கள்

திருத்தணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மலையும் 365 படிகளும்தான். ஆடிக்கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து வரும் கூட்டம், டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடி ஏறும் படித்திருவிழா, இரண்டும் ஆண்டு தவறாமல் படத்தோடு செய்தியாகிவிடும். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில் ஒரு நிலையம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர், குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் பிறந்த மண் என்று இன்னும் இரண்டு மூன்று தகவல் சேரும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

இதே திருத்தணி ஒன்றியத்தில் செருக்கனூர் ஊராட்சியில் பங்களாமேடு என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. சுமார் 35 இருளர் குடும்பங்கள். மலைக்கு ஏறி இறங்கும் லட்சக்கணக்கானோரில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம். திருத்தணியிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் தெரியாது. ஆனால் அந்த மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அறுப்பு முடிந்த வயலில் என்ன தேடுகிறார்கள், கூலிக்கு எங்கே போகிறார்கள் என்பதெல்லாம் ஆங்கிலத்திலும் தமிழிலும் விரிவாக எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் இந்த ஊர் நிருபர் இல்லை. பெங்களூரில் வசிக்கும் ஆவணப் புகைப்படக் கலைஞர் ஸ்மிதா துமுலூரு. வெளியிட்டது பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' என்னும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகம்.

இந்தக் கட்டுரை பங்களாமேட்டைப் பற்றியது மட்டுமில்லை. அங்கே போய் உட்கார்ந்து கேட்கத் தோன்றியவர்களைப் பற்றியது. பாரியில் எழுதுபவர்கள், படம் எடுப்பவர்கள், வரைபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் எந்தெந்த வேலையிலிருந்து, எந்தெந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்று பார்த்தால், நம் பத்திரிகை உலகம் ஏன் பங்களாமேட்டைத் தவறவிட்டது என்பதும் கூடவே புரிகிறது.

ஸ்மிதா முன்பு தமிழ்நாட்டில் வளர்ச்சித் திட்டப் பணிகளில் இருந்தவர். அந்த வேலை ஒருவருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கும். ஒரு குடியிருப்புக்குள் போனால் முதலில் யாரிடம் பேசுவது, குழாயடியில் நிற்கும் பெண் எதைச் சொல்லத் தயங்குகிறாள், ரேஷன் அட்டை இல்லாத வீடு எது என்பதெல்லாம் அறிக்கை எழுதுகிறவர்களை விட அங்கேயே சுற்றுகிறவர்களுக்குத்தான் பிடிபடும். பிறகு கேமராவோடு வந்தபோது அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று எலி.

வயல் எலியைத் தேடிப் போகும் இருளரைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் அந்த வேலையின் நுட்பம் தெரியும். வரப்பில் வளைகள் பல இருக்கும். எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டிருக்க முடியாது. வளை வாயில் கிடக்கும் மண் புதுசா பழசா, ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, எலி உள்ளே இருக்கும் வளையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வளைக்கு வாசல் ஒன்றாக இருக்காது. மற்ற வாசல்களை மண்ணால் அடைத்துவிட்டுத்தான் கடப்பாரையை எடுப்பார்கள். சில இடங்களில் பானையில் வைக்கோலைக் கொளுத்தி வளைக்குள் புகையை ஊதுவதும் உண்டு. தோண்டிக்கொண்டே போனால் எலி சேர்த்து வைத்த கதிர்கள் உள்ளறையில் குவியலாகக் கிடக்கும். உடைமையாளருக்குக் கணக்கில் வராத நெல். அதை எடுத்து, மண் போகப் புடைத்து, காயவைத்தால் வீட்டுக்குச் சில நாள் சோறு. எலிக்கறியும் அன்றைக்குக் குழம்பு. நெல் தின்னும் வயல் எலியைத்தான் சாப்பிடுவார்கள்; வீட்டு எலியைத் தொட மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமலே முகம் சுளித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

பாம்பு பிடிப்பதில் இருளர் கெட்டிக்காரர்கள் என்பது உலகத்துக்கே தெரியும். வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021இல், இருளர் ஒருவருக்காக நடந்த வழக்கைச் சொன்ன 'ஜெய் பீம்' படம் வந்தபோது நாடே இருளர்களைப் பற்றிப் பேசியது. விருதும் வழக்கும் இல்லாத நாட்களில் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போவது, சீமைக்கருவேலம் வெட்டுவது, முன்பணம் வாங்கிவிட்டு அதை அடைக்க முடியாமல் தவிப்பது, இவையெல்லாம் அவர்களுடைய வருஷத்தின் பெரும்பகுதி. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளென அரசு பட்டியலிட்ட ஆறு பிரிவுகளில் இருளர் ஒன்று. அவர்களுடைய வருஷத்தின் அந்தப் பெரும்பகுதியை எழுதுவதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

சைக்கிள் ஓட்டிய புதுக்கோட்டையிலிருந்து

ஏன் ஆள் இல்லை என்ற கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருபவர் சாய்நாத். சென்னையில் பிறந்து, லயோலாவில் படித்து, தில்லி ஜே.என்.யூ.வில் வரலாறு பயின்றவர். 1993இல் ஓர் உதவித்தொகையை எடுத்துக்கொண்டு ஐந்து மாநிலங்களில் மிக வறிய பத்து மாவட்டங்களுக்குப் போனார். அதில் இரண்டு நம்முடையவை: ராமநாதபுரம், புதுக்கோட்டை. புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றி அவர் எழுதியதை வடநாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்தார்கள். அந்தப் பயணங்கள் 1996இல் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' என்ற நூலாயின. 2007இல் மகசேசே விருது வந்தது. 'தி இந்து'வில் கிராம விவகார ஆசிரியராகப் பத்தாண்டு இருந்துவிட்டு வெளியே வந்த அவர், 2014 டிசம்பர் 20 அன்று பாரியைத் தொடங்கினார்.

2011 கணக்குப்படி இந்தியக் கிராமங்களில் வாழ்கிறவர்கள் 83 கோடிக்கும் மேல். பெரிய நாளிதழ்களுக்குப் பங்குச் சந்தைக்கு முழுநேர நிருபர் உண்டு, சினிமாவுக்கு உண்டு, கிரிக்கெட்டுக்கு உண்டு. விவசாயக் கூலிக்கும் தறிக்காரருக்கும் யார் இருக்கிறார்கள் என்பதுதான் சாய்நாத் மேடைக்கு மேடை கேட்பது. அதற்குப் பதிலாக அவர் செய்தது, இதழியல் படித்தவர்களை மட்டும் கூப்பிடாமல் கதவை அகலத் திறந்துவைத்தது.

வந்தவர்களைப் பாருங்கள். பாரியின் நிர்வாக ஆசிரியராக இருந்த நமிதா வாய்கர் உயிர்வேதியியல் வேலை பார்த்தவர், மென்பொருள் திட்ட மேலாளராகவும் இருந்தவர், நாவலாசிரியர். மகாராஷ்டிரக் கிராமப் பெண்கள் விடியுமுன் திரிகையில் மாவரைத்தபடி பாடும் ஓவிப் பாடல்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் திரட்டப்பட்டிருந்தன. திரட்டியவர்கள் ஹேமா ராய்க்கரும், பிரான்ஸில் பிறந்து இந்தியக் குடிமகனான கீ புவாத்வேனும். அவற்றை ஒலிப்பதிவு செய்து வகைப்படுத்த உதவியவர் பெர்னார் பெல், கணினியும் இசையும் அறிந்தவர். அந்தப் பாடல்களைப் பாரியில் வெளியிடும் பணியை முன்னின்று நடத்தியவர் நமிதா. லட்சம் பாட்டை யார் பாடியது, எந்த ஊர், எதைப் பற்றி என்று தேடி எடுக்கும்படி அடுக்க வேண்டுமானால் இலக்கிய ரசனை மட்டும் போதாது. ஆய்வுக்கூடத்திலும் கணினி முன்னாலும் பழகிய கை வேண்டும்.

வங்காளத்தின் நதியா மாவட்டத்தைச் சேர்ந்த லபானி ஜங்கி ஓவியப் பள்ளிக்குப் போகாமல் தானாகவே வரையக் கற்றவர். கொல்கத்தாவில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, பிழைப்புக்கு ஊர் விட்டுப் போகும் தொழிலாளர்களைப் பற்றியது. பாரியின் கட்டுரைகளோடு அவர் ஓவியங்கள் வருகின்றன. முகத்தைக் காட்டக் கூடாத ஒரு பெண்ணின் கதைக்குப் புகைப்படம் போட முடியாது. அங்கே ஓவியம்தான் துணை. ஆந்திரத்து அனந்தப்பூரிலிருந்து ராகுல் எம். எழுதுகிறார். குஜராத்தின் நர்மதா மாவட்டத்திலிருந்து ஜிதேந்திர வசாவா, தன் தாய்மொழியான தேவாலி பிலியில் கவிதை எழுதுகிற ஆதிவாசிக் கவிஞர். நம் பக்கத்தில் அபர்ணா கார்த்திகேயன், நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் செய்பவர்கள் முதல் பனையேறி வரை தமிழ்நாட்டில் மறைந்துவரும் தொழில்களைத் தேடித் தேடி எழுதி, 2019இல் 'நைன் ருபீஸ் அன் அவர்' என்ற நூலாக்கியவர். தூத்துக்குடி உப்பளமோ ராமநாதபுரம் மிளகாயோ, ஒரு பொருளை எடுத்தால் அதன் விலைக் கணக்கைக் கடைசி ரூபாய் வரை கேட்டு எழுதுவது அவர் வழக்கம். எனக்குப் பிடித்ததும் அதுதான். தொழிலைப் புகழ்ந்துவிட்டுத் தொழிலாளியின் வரவு செலவைக் கேட்காமல் திரும்புகிற கட்டுரைகள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

தெருவிளக்கின் கீழே

இத்தனை பேரில் நான் அதிக நேரம் நின்று பார்ப்பது எம். பழனிகுமாரிடம். மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்துக்காரர். அம்மா மீன் விற்றவர். விடியற்காலை இருட்டிலேயே கரிமேடு சந்தைக்குப் போய் மீன் எடுத்து, மாலையில் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து விற்ற வருமானத்தில் வீடு ஓடியது. மகன் பொறியியல் படித்தார். வளாக நேர்காணலுக்குத் தயாராக வேண்டிய வயதில் கடன் வாங்கி ஒரு கேமரா வாங்கினார். அந்தக் கேமராவை அவர் முதலில் யார் பக்கம் திருப்பினார் என்பது முக்கியம். அம்மாவின் பக்கம். சந்தை, மீன் கூடை, ஐஸ், செதில், வட்டிக்காரர், தெருவிளக்கு. பின்னாளில் அம்மாவைப் பற்றிப் பாரியில் எழுதியபோது அந்த விளக்குக் கம்பமே கட்டுரையின் மையமானது.

மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வந்தது. ஒளிப்பதிவு பழனிகுமார். கையால் மலம் அள்ளுவதற்குத் தடைச்சட்டம் 2013லேயே வந்துவிட்டது; படத்தில் இருப்பது சட்டத்துக்குப் பிறகான தமிழ்நாடு. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேமரா எவ்வளவு கிட்டே போகிறது என்று. மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்த படம் அப்படி இருக்காது. 2019இல் ராமநாதபுரம் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களை எடுத்தார். 2022இல் முதல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது.

அவர் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் வந்தார். கொசஸ்தலையாற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும், எழுபதைக் கடந்த இருளர் மூதாட்டி ஒருவரைப் பின்தொடர்ந்து எழுதினார். மார்பளவு தண்ணீர், வாயில் கடித்துப் பிடித்த பறி, பக்கத்தில் அனல் மின்நிலையத்தின் கழிவு. கொசஸ்தலையாறு யாருக்கோ சொந்தமான ஆறு இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் தொடங்கி எண்ணூரில் கடலில் கலக்கிறது. திருத்தணி வழியாக ஓடும் நம் நந்தியாறும் அதில்தான் போய்ச் சேர்கிறது. ஆற்றின் மேல்கோடியில் இருளர் வரப்பைத் தோண்டி நெல் எடுக்கிறார்கள், கீழ்க்கோடியில் சேற்றைத் தடவி இறால் எடுக்கிறார்கள். ஒரே மாவட்டம், ஒரே இனம். இந்த இரண்டையும் ஒரே கண்ணோட்டத்தில் சேர்த்துப் பார்க்க வைத்தவர்கள் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் மதுரை மீன்காரம்மாவின் மகனும்.

இறால் விற்கும் கிழவியிடம் மீன்காரம்மாவின் மகன் கேட்கும் கேள்வி வேறு மாதிரிதான் இருக்கும். அன்றைக்கு எத்தனை கிலோ என்று கேட்பதோடு நிறுத்த மாட்டார். கூடை எவ்வளவு, பஸ்ஸில் ஏற்ற மறுத்தார்களா, விற்காத மீனை என்ன செய்தாய், உடம்புக்கு முடியாத நாளில் யார் போனார்கள் என்று போகும். கேட்பவருக்கே பதிலில் பாதி தெரிந்திருப்பதால் சொல்கிறவர் மறைக்க வேண்டியதில்லை. பழனிகுமார் பிறகு வடசென்னைப் பிள்ளைகளுக்கும் கடலோரத்து மீனவப் பெண்களுக்கும் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். விருதை விடப் பெரிய வேலையாக நான் கருதுவது அதைத்தான்.

அச்சுக் கோத்தவர் சேர்த்த ஊர்

வேறு தொழிலிலிருந்து எழுத்துக்கு வந்தவர்களின் அருமை திருத்தணிக்குத் தெரியாததில்லை. இந்த ஊர் இன்று தமிழ்நாட்டில் இருப்பதற்கு அப்படிப்பட்ட ஒருவரே பெரும் காரணம். ம.பொ.சிவஞானம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சிறுவயதில் தறியில் உட்கார்ந்தார். பிறகு அச்சுக்கோப்பாளர் ஆனார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகை அச்சகத்தில் ஆண்டுக்கணக்கில் எழுத்துக் கோத்தார். ஈய எழுத்துகளைப் பெட்டியின் அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலமாகத் திரும்பிய எழுத்தை வரிவரியாகக் கட்டையில் அடுக்குகிற வேலை. பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகக் கையில் தொட்டவர் 'செங்கோல்' வார இதழை நடத்தினார், சிலப்பதிகாரத்தைத் தெருமேடைக்குக் கொண்டு வந்தார்.

1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் உள்ளூரில் தலைமை தாங்கினார். அதற்கு முன்பே மங்கலங்கிழார் வடவெல்லையின் ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்பித்து, போராட வேண்டிய தலைமுறையை உருவாக்கி வைத்திருந்தார். சிறையும் தடியடியும் எல்லைத் தகராறு பற்றிய பட்டாஸ்கர் தீர்ப்பும் தாண்டி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஓர் அச்சுத் தொழிலாளி, ஒரு வக்கீல், ஒரு தமிழாசிரியர். மூவரும் பத்திரிகைக் கல்லூரி பார்த்தவர்கள் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லையைக் காத்துக் கொண்டுவந்த நாம், எல்லைக்குள் இருந்த எல்லோரையும் எழுதவில்லை. வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றிய நூல்களில் பங்களாமேடு போன்ற குடியிருப்புகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. தமிழா தெலுங்கா என்ற கேள்வி ஊரைப் பிளந்த காலத்தில், இருளரின் பேச்சு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களை நான் இவ்வளவு மதிப்பதற்கு இந்த எல்லைப்புற வாழ்க்கையும் ஒரு காரணம். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைக் கடைத்தெருவில் ஒரே ஆள் தமிழில் விலை கேட்டு தெலுங்கில் பேரம் பேசுவதை தினமும் பார்க்கிறோம். பாரி கட்டுரைகள் பத்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் வருகின்றன. தமிழில் அதிகம் பார்க்கும் பெயர் ராஜசங்கீதன், தொலைக்காட்சிச் செய்தியாளர், எழுத்தாளர். 'இந்தியா டுடே' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக இருந்த கவிதா முரளிதரனும் தன்னார்வமாக மொழிபெயர்த்திருக்கிறார். பகலில் ஒரு வேலை, இரவில் விதர்ப்பா பருத்தி விவசாயியின் கதையைத் தமிழாக்குவது என்று இருப்பவர்கள் இவர்களைப் போல் இன்னும் பலர். செருக்கனூரில் நடந்தது பெங்களூர்க்காரர் கையில் ஆங்கிலமாகி, சென்னைக்காரர் கையில் தமிழாகித் திருத்தணிக்குத் திரும்பி வருகிறது. சுற்றுவழிதான். நேர்வழியில் நாம் நடக்காததால் வந்த சுற்று.

இன்னும் எழுதப்பட வேண்டியவை இந்த மலையைச் சுற்றி எவ்வளவோ. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிச்சத்தம் கேட்கும் தெருக்களில் நூல் விலை ஏறும்போது வீட்டில் என்ன நடக்கிறது? நேர்த்திக்கடன் முடியை மழித்தெடுக்கும் தொழிலாளிக்கு விசேஷ நாளில் கை எத்தனை மணிக்கு ஓய்கிறது? காவடிக்குப் பூக்கட்டும் பெண்கள், விடியலில் சென்னை மின்ரயிலைப் பிடிக்க ஓடும் கட்டடக் கூலிகள், நகரிப் பக்கத்து மாந்தோப்பில் ஏறுபவர்கள். இவர்களை எழுத வெளியிலிருந்து ஸ்மிதாக்கள் வரட்டும், வரவேற்போம். தறிக்காரர் வீட்டுப் பெண்ணும் எழுதட்டும். படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடமிருந்தும் பாரி கட்டுரை வாங்குகிறது. பட்டத்தை யாரும் கேட்பதில்லை. கேட்கப்படுவது, போய்ப் பார்த்தாயா, பேர் சொல்லி விசாரித்தாயா, சொன்னதைச் சொன்னபடி எழுதினாயா என்பதுதான்.

ஜிதேந்திர வசாவா தன் மக்களின் மொழியிலேயே எழுதுகிறார். அவர் எழுதியதை மற்றவர்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். செருக்கனூர் பக்கத்து இருளர் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். செல்போன் கேமரா அவர்கள் கைக்கும் வந்துவிட்டது. எலி வளையைத் தோண்டும் தாத்தாவை அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி படம் எடுத்து, தன் பேச்சிலேயே குறிப்பெழுதி அனுப்ப வேண்டும். அதைத் திருத்தாமல் வாங்கிப் போட இந்த ஊர்ப் பத்திரிகையாளர்களாகிய நாமும் பக்கம் ஒதுக்க வேண்டும்.